தகர வில்லையும் கடவுச்சீட்டும்

இன்று பிற நாடு செல்ல விரும்பும் ஒருவர் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் நிழற்படத்தையும் திரட்டிக்கொண்டு அலுவலகம் செல்கிறார். சில நாள் அலைச்சலோடு கடவுச்சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு அச்சிறு புத்தகம் கிடைத்த வரலாறு வேறு. எந்த நாட்டில் வாழ்வது என்பதையே அவர்களுக்கு அது தீர்மானித்தது.

இம்மக்களின் பாட்டன்மார் தமிழகத்திலிருந்து வந்தபோது அவர்களிடம் கடவுச்சீட்டு எதுவும் கேட்கப்படவில்லை. கங்காணியின் சொல்லே போதுமான சான்றாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை ஒன்று வழக்குக்கு வந்தது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த அந்த வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்ள வேண்டும். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும்; பின்னர் அது தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறும். அணிந்தவரின் பெயர் அதில் இல்லை. எங்கே ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது மட்டுமே இருந்தது. அஞ்சற்பொதிக்கு முகவரி எழுதுவதைப் போன்றதே அது என்றால் மிகையன்று.

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. மண்டபம் முகாமிற் சில நாட்கள் தங்கி, மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே கடலைக் கடக்க முடிந்தது. தீவுக்குள் வந்த பிறகும் தாளின் ஆட்சி நீங்கவில்லை. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பியவர், தாம் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதப்பட்ட 'துண்டு' ஒன்றைப் பெற வேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனை அடைத்தாலன்றி அவருக்கு விடுதலை இல்லை. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1924இல், புகையிரதம் பதுளையை வந்தடைந்தது.

வருவதற்குத் தகர வில்லை போதுமாயிருந்தது. இருப்பதற்கு எது வேண்டும் என்ற கேள்வி சுதந்திரத்தின் பின் எழுந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதற்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதற்கோ சான்று கேட்டது. பிறப்புப் பதிவு கட்டாயமாவதற்கு முன் லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகும். நோயுற்ற தாயைப் பார்க்க ஊருக்குப் போய், மழையும் கடனும் தடுக்க அங்கே நாட்கடந்து தங்கியவனுக்கு அந்தப் பயணமே பகையாயிற்று. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்.

பின்னர் 1964 ஒக்தோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஆயின் மக்களின் விருப்பம் இக்கணக்குக்கு இசையவில்லை. 1970இல் விண்ணப்பக் காலம் முடிந்தபோது இந்தியாவைக் கேட்டவர் சுமார் 4 லட்சம்; இலங்கையைக் கேட்டவர் சுமார் 7 லட்சம். அம்மக்களிடம் முன்னரே கேட்டிருந்தால் தொகைகள் தலைகீழாக அமைந்திருக்கும் என்பது என் கருத்து.

விண்ணப்பத்தை நிரப்புவதும் எளிதாயிருக்கவில்லை. பெயர் எது என்ற முதற் கேள்வியிலேயே பலர் தடுக்கி நின்றனர். பெற்றோர் இட்டது இராமசாமி. கணக்கப்பிள்ளை செக்ரோலில் எழுதியது ராமன். பிறப்புப் பதிவில் வேறொன்று. மூவரும் ஒருவரே என்று யார் உறுதி கூறுவது? அடுத்து, இந்தியாவிற் சொந்த ஊர், தாலுகா, மாவட்டம். நமுனுகுலை மலையடிவாரத்திற் பிறந்து, அம்மலையைத் தவிர வேறொன்றையும் அறியாத இளைஞன் கிழவியிடம் கேட்டு ஓர் ஊர்ப்பெயரை எழுதுவான். கிழவிக்கோ கோயிலும் குளமும் நினைவிருக்கும், தாலுகா நினைவிராது. கையெழுத்திடத் தெரியாதவர் பெருவிரல் ஒற்றினர். கணவனின் விண்ணப்பம் ஒரு நாட்டுக்கும் மனைவியின் பெற்றோரது விண்ணப்பம் மறு நாட்டுக்கும் போன வீடுகள் பல.

இந்தியக் கடவுச்சீட்டு வந்த பின், நாட்டைவிட்டு வெளியேறும்படி கடிதம் வரும். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பெற வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுசெல்ல அனுமதிக்கும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என ஒப்பந்தம் கூறியது. நான்காயிரத்தைக் கண்ணாற் கண்ட குடும்பங்கள் எத்தனை என்பது வேறு கேள்வி. பதுளையிற் புகையிரதம் ஏறி, பொல்காவலையில் இறங்கி, தலைமன்னார் வண்டிக்கு மாறுவர். மேடையில் எழுந்த ஓலத்தால் மலையகத்தில் அவ்வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வழங்கிற்று. மறுகரையில் மீண்டும் அதே மண்டபம். பாட்டன் மருத்துவருக்கு நாக்கை நீட்டிய இடத்திற் பேரன் குடும்ப அட்டைக்கு வரிசையில் நின்றான். அங்கிருந்து சிலர் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் முன்பின் அறியாத மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

1984இற் கப்பல் நின்றது. கடவுச்சீட்டு கையிலிருந்தும் போக வழியின்றிப் பல்லாயிரவர் லயங்களிலேயே தங்கினர். அச்சீட்டுகள் காலாவதியாயின, பிள்ளைகள் பிறந்தனர், அப்பிள்ளைகள் எந்நாட்டவர் என்பதைச் சொல்லத் தாளில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே 1964 ஒக்தோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இலங்கைக் குடியுரிமை அளித்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் விருப்பத்தை எழுத்திற் தெரிவித்து அதைப் பெறலாயிற்று.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிசகினால் முதலில் அவர்கள் நாடுவது பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பையே. செல்லரித்த அந்த ஏட்டைப் புரட்டும்போது, சில பெயர்களுக்கு எதிரே, விலகிய காரணம் என்னும் கட்டத்தில், 'இந்தியா சென்றார்' என்ற இரண்டு சொற்கள் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கும்.