நைஸ்: ஒரு முட்டாள் நல்லவனான கதை

போர் முடிஞ்ச மறுநாள் ஒரு தளபதி அந்தப் போரைப் பத்தி 'நைஸ்'னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

1815 ஜூன் 18, வாட்டர்லூ. ஒரே நாளில் 40,000 பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்த இடம். மறுநாள் பிரஸ்ஸல்ஸ் திரும்பிய வெலிங்டன் பிரபு, அங்கே இருந்த தாமஸ் கிரீவி என்கிற அரசியல்வாதியிடம் பேசினார். கிரீவி அதைக் குறிச்சு வெச்சார். அதில் வெலிங்டன் அந்தப் போரைச் சொல்வது, ஒரு வசவோடு சேர்த்து, 'நைஸ் திங்'! (யார் இந்த வெலிங்டன்னு கேட்கறவங்களுக்கு: 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான படையில் இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். குன்னூர் பக்கத்துல இருக்கிற வெலிங்டன் இவர் பேரில்தான்.)

மனுஷனாய்யா இவன்னு புத்தகத்தை மூடிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து அகராதியைப் புரட்டினேன். தப்பு அவர்மேல இல்லை, என்மேல.

வெலிங்டன் சொன்ன 'நைஸ்'க்கு 'இனிமை'ன்னு அர்த்தமே இல்லை. தராசு முள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு நடுங்குமே, அந்த மாதிரி மயிரிழையில் நின்ன விஷயம்னு அர்த்தம். 'கொஞ்சம் பிசகியிருந்தா தோத்திருப்போம்'ங்கறதைத்தான் மனுஷன் சொல்லியிருக்கார். இன்னிக்கு இந்தப் பேச்சை மேற்கோள் காட்டறவங்க பலபேர் 'நைஸ்'ஐக் கழட்டிவிட்டு 'க்ளோஸ் ரன் திங்'னு மாத்திடறாங்க. பழைய வார்த்தை இப்போ அந்த பாரத்தைத் தாங்காது, அதான்.

சரி, இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்ததுன்னு பார்த்தா இன்னும் தமாஷ். மூலம் லத்தீன்: 'நெஸ்கியுஸ்'. 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரெ' என்றால் அறிதல். ஆக, அறியாதவன். சயன்ஸுக்கும் இதே 'ஸ்கிரெ'தான் வேர். அறிவியலும் அறியாமையும் ஒண்ணுவிட்ட சகோதரர்கள் :-)

அது பிரெஞ்சு வழியா இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 14-ஆம் நூற்றாண்டில் சாஸர் ஒருத்தனை 'நைஸ்'னு சொன்னா முட்டாள்னு திட்டறார்னு அர்த்தம். அங்கேர்ந்து வார்த்தை ஊர் சுத்த ஆரம்பிச்சது. முட்டாள்தனமா பகட்டு பண்றவன், கூச்ச சுபாவி, எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்றவன், அப்படியே எதையும் நுணுக்கமா பார்க்கறவன், துல்லியமானவன். ஒவ்வொரு அடியும் சின்ன அடிதான். மொத்தமா திரும்பிப் பார்த்தா முட்டாள் அறிவாளியா நிக்கிறான்! 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்துக்கள் பலதில் 'நைஸ்'னு வந்தா எழுதினவர் எந்த அர்த்தத்தில் சொன்னார்னு அடிச்சுச் சொல்ல முடியாம அகராதிக்காரர்களே கையை விரிச்சிடறாங்க. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில், ரெண்டு கொலை விழுந்தப்புறம் பென்வோலியோ அந்தச் சண்டையை 'நைஸ்'னு சொல்றான். அங்கே அதுக்கு அர்த்தம் 'அற்பமான'.

நுணுக்கமான ரசனைக்குப் பிடிச்சது நல்லதாத்தானே இருக்கும்? அந்த வழியாத்தான் 18-ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' உள்ளே நுழைஞ்சிருக்கணும். நுழைஞ்சதும் வீட்டையே பிடிச்சுக்கிச்சு. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' 1817 கடைசியில், அவர் இறந்தப்புறம் வெளிவந்தது. அதில் ஹென்றி டில்னி, காதரீனைப் போட்டு ஓட்டுவான்: நாளும் நைஸ், நடையும் நைஸ், பொண்ணுங்களும் நைஸ், எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையான்னு. கவனிங்க, வாட்டர்லூவுக்கும் இந்த நாவலுக்கும் ரெண்டரை வருஷம்தான் இடைவெளி. ரெண்டு அர்த்தமும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் உலாத்தியிருக்கு.

1926-ல் ஃபவுலர் தன்னோட ஆங்கில உபயோக அகராதியில் இதே புலம்பலைப் புலம்பினார். பழியைப் பெண்கள் மேல போட்டார், அவங்கதான் கொஞ்சிக் கொஞ்சி வார்த்தையைக் கெடுத்துட்டாங்களாம். வார்த்தை மாறினா யாரையாவது திட்டணும்ல!

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். 'மாவை நைசா அரை'ன்னு அம்மா சொல்றப்போ அங்கே இனிமை எங்கே வந்தது? ஹோட்டல்ல நைஸ் தோசைன்னா மெல்லிசா இருக்கும். ரெண்டுமே அந்தப் பழைய 'நுணுக்கம்' பக்கத்துல நிக்கிற அர்த்தம். 'நைசா நழுவிட்டான்', 'அவரை நைஸ் பண்ணி காரியத்தை முடிச்சுட்டான்' இதெல்லாம் எந்த ஆங்கில அகராதியிலும் கிடைக்காது, நம்ம சொந்தத் தயாரிப்பு. டில்னியும் ஃபவுலரும் கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பாங்க.

இதில் நாம சிரிக்கவும் முடியாது. ஆண்டாள் வெண்சங்கிடம் கண்ணன் வாய் எப்படி நாறும்னு கேட்கறாளே, அங்கே நாறுவது மணப்பது. இன்னிக்கு அர்த்தத்தில் படிச்சா என்ன ஆகும்? வெலிங்டன்கிட்ட நான் பண்ணின அதே தப்புதான்.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். பழைய எழுத்தைப் படிக்கறப்போ தெரியாத வார்த்தை நம்மள ஏமாத்தாது. அது வந்ததும் நின்னு அகராதியைத் தேடுவோம். தெரிஞ்ச வார்த்தைதான் ஏமாத்தும். பழகின முகத்தோட வந்து வேற அர்த்தத்தைக் கொடுத்துட்டு... நைசா நழுவிடும்.

200 வருஷத்துக்கு முந்தின ஒருத்தரை, ஒரே ஒரு வார்த்தையை வெச்சுக் கல்நெஞ்சக்காரர்னு தீர்ப்பு எழுதிட்டேன். அறியாதவன், அதாவது அசல் லத்தீன் அர்த்தத்தில், அன்னிக்கு நைஸா இருந்தது நான்தான் :-)