ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு

சுடுநீர் ஓடும் ரேடியேட்டர் ஒவ்வொன்றையும் அந்தந்த அறையின் தேவைக்கேற்பத் திறந்து மூடும் மின்னணுக் கருவி ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு. நெய்வேலியை அடுத்த வளையமாதேவி போன்ற ஊர்களில் வீட்டைச் சூடாக்கும் தேவையே எழுவதில்லை. லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பகுதிகளிலும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நகரங்களிலும் குடியேறிய தமிழர்களுக்கோ வீட்டு எரிசக்திச் செலவில் பெரும்பங்கு இதற்கே போகிறது.

சாதாரண தெர்மோஸ்டாட் வால்வை டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனர் மாட்ஸ் கிளாசன் 1943இல் உருவாக்கினார். அதன் தலைக்குள் மெழுகோ திரவமோ வாயுவோ அடைத்த குப்பி இருக்கும். அறை சூடானால் அது விரிந்து ஓர் ஊசியை அழுத்தும்; சுடுநீர் வரத்து குறையும். ஸ்மார்ட் வால்வில் அந்த ஊசியைத் தள்ளுவது பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார். தலைப்பகுதியை மட்டும் கழற்றி மாட்டுவதால் குழாய்நீரை வடிக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் பழைய தலையைப் பத்திரப்படுத்தி, வீடு மாறும்போது திரும்பப் பொருத்திவிடலாம்.

சிக்கல் வருவது வால்வும், நீரைச் சூடாக்கும் பாயிலரை இயக்கி நிறுத்தும் வீட்டுத் தெர்மோஸ்டாட்டும் சேரும் இடத்தில். பிரிட்டன் வீடுகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் நடைவழிச் சுவரில் இருக்கும். நடைவழி 20 டிகிரியை எட்டியதும் அது பாயிலரை நிறுத்திவிடும். அந்நேரம் படுக்கையறை 16 டிகிரியில் இருந்து, அதன் வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் பயனில்லை; வரச் சுடுநீர் இல்லை. இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. நடைவழி ரேடியேட்டரின் வால்வு 18 டிகிரியிலேயே மூடிக்கொண்டால், 20 டிகிரிக்குக் காத்திருக்கும் தெர்மோஸ்டாட் நிறைவடையாது. பாயிலர் வீணே எரிந்துகொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் உள்ள அறையின் ரேடியேட்டருக்கு வால்வுத் தலை வேண்டாம் என்று பொருத்துநர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதனால்தான்.

வால்வுகளும் தெர்மோஸ்டாட்டும் ஒரே கம்பியில்லா இணைப்பில் இருந்தால் இந்த இழுபறி தீரும். எந்த அறை வெப்பம் கேட்டாலும் பாயிலர் எரியும். எல்லா அறைகளும் நிறைவடைந்தால் அணையும். வால்வு ஒரு நிறுவனத்துடையது, தெர்மோஸ்டாட் இன்னொன்றுடையது, இரண்டும் பேசிக்கொள்வதில்லை என்றால் பழைய சிக்கல் அப்படியே தொடரும். விலை மலிவு என்று தனித்தனியாக வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒரே ஒரு சிறிய அறைக்காகப் பாயிலர் அடிக்கடி எரிந்து அணைவதும் நல்லதல்ல. அருகருகே உள்ள அறைகளுக்கு ஒரே நேர அட்டவணை கொடுப்பதும், குளியலறை ரேடியேட்டரை எப்போதும் திறந்து வைப்பதும் இதைக் குறைக்கும். வால்வின் உணரி ரேடியேட்டரை ஒட்டியே இருப்பதால், திரைச்சீலையோ சோபாவோ மறைத்தால் அறை சூடாகிவிட்டதென்று தவறாகக் கணிக்கும். அத்தகைய அறைக்குத் தனி உணரி வைப்பதே சரி.

தமிழ் வீடுகளில் கவனிக்க வேண்டியது ஈரம். குழம்பு கொதிக்கும் நீராவியும், உள்ளே உலர்த்தும் துணியின் ஈரமும் குளிர்ந்த அறையின் சுவரில் படிந்து பூஞ்சையாகும். ஆளில்லாத அறையை அடியோடு மூடிச் சேமிக்கும் பணம் பெயின்ட் அடிப்பதில் போய்விடும். சில டிகிரி மட்டும் குறைப்பதே நல்லது. உலக நலவாழ்வு நிறுவனம் குளிர்நாட்டு வீடுகளுக்குப் பரிந்துரைக்கும் குறைந்த அளவு 18 டிகிரி. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை இருக்கும் அறையில் அதற்கும் மேலே வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல் புதிய எரிவாயு பாயிலருடன் நேரக் கட்டுப்பாடும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் கட்டாயம். ஜெர்மனியில் பொதுச் சூடேற்றம் உள்ள அடுக்ககங்களில், 1981 முதல் அவரவர் பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் பிரிக்கப்படுகிறது; அங்கே ஒவ்வொரு வால்வும் பணப்பைக்கு நேரடித் தொடர்புடையது. டொரன்டோ வட்டாரத் தனிவீடுகள் பெரும்பாலும் சூடான காற்றைக் குழாய்வழி அனுப்புபவை. அவற்றுக்கு இந்த வால்வு பொருந்தாது.

பகலில் பல அறைகள் காலியாகும் பெரிய வீட்டுக்கு இது செலவழிக்கத் தக்க கருவி. எல்லோரும் நாள் முழுதும் இருக்கும் இரண்டு அறைக் குடியிருப்புக்குச் சாதாரண வால்வே போதும்.