கர்ப்பகால மனவடுவும் பேச்சுவழிச் சிகிச்சையும்

உயிரையோ உடலையோ அச்சுறுத்திய ஒரு நிகழ்வு முடிந்து ஒரு மாதத்துக்கு மேலான பிறகும் மனம் அதிலேயே சிக்கிக் கிடப்பது மனவடு நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதைத் தனி நோயாக ஏற்றது. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 3.3 விழுக்காட்டினருக்கு இது உண்டு. வன்முறையையோ குழந்தை இழப்பையோ கண்டவர்கள் போன்றோரிடையே இது 19 விழுக்காட்டை நெருங்குகிறது. கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், உள்பரிசோதனைக்கு அஞ்சிக் கிளினிக்குக்கு வராமல் இருப்பது ஆகியவை அறிகுறிகள். வீட்டில் இவற்றை மசக்கை என்றோ காத்து கருப்பு என்றோ சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிகிச்சைகளில் ஒன்று, நடந்ததை மீண்டும் பேசிப் பார்ப்பது. பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். முதலில் மூச்சையும் பதற்றத்தையும் அடக்கப் பழக்குவார்கள். பிறகு நிகழ்வை வரிசையாகச் சொல்ல வைப்பார்கள். 'என் தப்புதான்' என்ற எண்ணத்தைச் சேர்ந்து ஆராய்வார்கள். பிரசவ அறையை முன்கூட்டியே போய்ப் பார்ப்பதும் இதில் அடங்கலாம். இன்னொரு முறையில் ஒரு கயிறே வாழ்க்கைக் கோடு: மகிழ்ந்த நாளுக்குப் பூ, துயர நாளுக்குக் கல். இந்த முறையைப் போரும் ஆழிப்பேரலையும் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில் 2005இல் தமிழ்ச் சிறுவர்களிடம் பயன்படுத்தினார்கள், பெரும்பாலோர் தேறினர்.

'பழசைக் கிளறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது' என்ற அச்சமே பெரிய தடை. மருத்துவர்களிடமும் அது இருந்தது. ஆய்வுகள் நெடுங்காலம் கர்ப்பிணிகளை விலக்கியே வைத்தன. அது அவர்களுக்கு இழைத்த அநீதி. இதுவரை நடந்த சிறிய ஆய்வுகளில் இச்சிகிச்சையால் குழந்தைக்குத் தீங்கு தென்படவில்லை. நோயைக் கவனியாமல் விடுவதே தாயைப் பரிசோதனையிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் விலக்குகிறது.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பத்து காவானில், உதவிக்கான வழி அரசு சுகாதாரக் கிளினிக்கில் தொடங்குகிறது. கர்ப்பிணிக்கான பதிவுப் புத்தகத்தைப் புரட்டும் தாதியிடம் சொன்னால், செபராங் ஜெயா போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். குடும்ப வன்முறை என்றால் 1985 முதல் பினாங்கில் இயங்கும் மகளிர் மாற்ற மையம் ஆலோசனை தருகிறது. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அமர்வு தமிழில் வேண்டும் என்று முதலிலேயே கேட்பது நல்லது. அடிபட்ட நினைவு தாய்மொழியில் எளிதாக வெளிவரக்கூடும். கணவரோ மாமியாரோ கூட வந்திருந்தால், தாதியுடன் தனியாகப் பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.