நிமோடிபைன்

நிமோடிபைன் கால்சியம் வழியடைப்பான் வகையைச் சேர்ந்த மருந்து. மூளையின் ரத்தக்குழாயில் இருந்த புடைப்பு வெடித்து, மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே ரத்தம் கசியும்போது தரப்படுகிறது. போன பேச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்தென்று நம்புவோர் உண்டு, அது சரியன்று. இருக்கும் பேச்சு போகாமல் காப்பதே அதன் வேலை.

கசிவு நின்றாலும் ஆபத்து தீர்வதில்லை. ஏறத்தாழ 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கக்கூடும். மருத்துவமனைக்கு வந்த அன்று நன்றாகப் பேசியவர் ஒரு வாரம் கழித்துச் சொல் அகப்படாமல் தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். இடது மூளையின் முன்பகுதிக்கு ரத்தம் குறைந்தால் கேட்பது புரியும், சொல்ல வராது. அதன் பக்கப்பகுதி கெட்டால் பேச்சு சரளமாக ஓடும், பொருள் இராது. முன்னதைப் பால் புரோக்கா 1861இலும் பின்னதைக் கார்ல் வெர்னிக்கே 1874இலும் விளக்கினர்.

வழக்கமான அளவு 60 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். நள்ளிரவிலும் எழுப்பித் தரவேண்டும். 554 பேரிடம் நடந்து 1989இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், ரத்தமின்றி மூளைத் திசு இறப்பது 33 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைந்தது. ஆனால் படங்களில் குழாய்ச் சுருக்கம் அவ்வளவாகக் குறைந்ததாகத் தெரிவதில்லை. நரம்பணுக்களுக்குள் கால்சியம் பெருகுவதைத் தடுத்தே இம்மருந்து காக்கிறது என்பது ஒரு விளக்கம்.

ரத்த அழுத்தம் தாழ்வது இதன் முக்கியப் பக்கவிளைவு. கிரேப்ஃபுரூட் சாறு இம்மருந்தின் அளவை உடலில் ஏற்றிவிடும். பெயரைக் கேட்டுக் கம்பம் பன்னீர் திராட்சையைச் சந்தேகிக்க வேண்டாம். கிரேப்ஃபுரூட் பம்பளிமாஸின் உறவுக்கனி.

உயர் ரத்த அழுத்தத்தால் மூளைத் திசுவுக்குள்ளேயே ஏற்படும் கசிவுதான் பொதுவாக அதிகம். அதில் நிமோடிபைனின் பயன் நிறுவப்படவில்லை. அங்கே காப்பது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘பிரஷர் மாத்திரை’ என்று வாங்கும் அம்லோடிபைன். அதுவும் இதே குடும்பம்தான். விடாமல் சாப்பிட்டால் கசிவு வரும் ஆபத்தையே குறைக்கலாம். போன மொழிக்குப் பேச்சுப் பயிற்சிதான் முதன்மையான சிகிச்சை.

தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே, இதுவரை கண்டிராத கடுந்தலைவலி சட்டென்று வந்தாலோ, பேச்சு திடீரென்று தடுமாறினாலோ, தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.