பூங்காவுக்குள் தங்குவதா, வெளியே தங்குவதா? - டிஸ்னி விடுதிகளின் கதை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ மகளோ "இந்த லீவுக்கு டிஸ்னி போகலாம்" என்று சொன்னதுமே வீட்டில் ஒரு கணக்கு தொடங்கிவிடும். நுழைவுச்சீட்டில் பேரம் பேச முடியாது. விமானக் கட்டணமும் அப்படித்தான். குடும்பத்தின் கையில் மிஞ்சும் பெரிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: எங்கே தங்குவது? டிஸ்னியின் சொந்த ஹோட்டலிலா, அல்லது வெளியே உள்ள ஹோட்டலிலா? உள்ளே தங்கினால் வசதி, வெளியே தங்கினால் மலிவு என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த வரி ஓர் ஊரில் உண்மை, இன்னோர் ஊரில் பாதி உண்மை, மற்றோர் ஊரில் பொய். ஏன் அப்படி? பூங்காவைச் சுற்றியிருந்த நிலம் யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அந்தக் கதை 1955ல் கலிபோர்னியாவில் ஆரம்பிக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே அனஹைம் என்ற ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்த இடத்தில் சுமார் 160 ஏக்கர் வாங்கினார் வால்ட் டிஸ்னி. டிஸ்னிலேண்டைக் கட்டி முடிக்க ஏறக்குறைய 17 மில்லியன் டாலர் ஆனது. அந்தக் காலத்தில் இது பெரும் தொகை. தன் ஆயுள் காப்பீட்டின் மேல்கூடக் கடன் வாங்கினார். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்திடம் பணம் வாங்கி, பதிலுக்கு அவர்களுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்தார். பூங்காவுக்கே இந்தப் பாடு என்றால் ஹோட்டல் கட்டப் பணம் ஏது? பக்கத்து நிலத்தை வாங்கிப் போடவும் வழியில்லை. தொலைக்காட்சிப் பிரபலமான ஆர்ட் லிங்க்லெட்டரிடம் "சுற்றியுள்ள நிலத்தை நீ வாங்கிப் போடு" என்று வால்ட் வற்புறுத்தினாராம். வனாந்தரத்தில் நிலம் எதற்கு என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். பிற்காலத்தில் லிங்க்லெட்டரே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வருந்தியது உண்டு!

கடைசியில் கைகொடுத்தவர் ஜாக் ராதர். எண்ணெய்த் தொழிலில் பணம் பார்த்தவர், 'லோன் ரேஞ்சர்', 'லாஸி' தொடர்களுக்குச் சொந்தக்காரர். அவர் கட்டிய 'டிஸ்னிலேண்ட் ஹோட்டல்' 1955 அக்டோபரில், பூங்கா திறந்து மூன்று மாதங்கள் கூட ஆகாத நிலையில் திறக்கப்பட்டது. பெயர் டிஸ்னியுடையது, லாபம் ராதருடையது. 1961ல் பூங்காவின் மோனோரயிலை ஹோட்டல் வாசல் வரைக்கும் டிஸ்னியே நீட்டிக் கொடுத்தது. ஹோட்டலை மட்டும் வாங்க முடியவில்லை. வால்ட் கேட்டபோதெல்லாம் ராதர் மறுத்தார். இருவரும் மறைந்த பிறகு, 1988ல் ராதரின் நிறுவனத்தையே விலைக்கு வாங்கித்தான் தன் பெயர் கொண்ட ஹோட்டலை டிஸ்னி அடைந்தது. 33 வருடக் காத்திருப்பு!

இதற்கிடையே பூங்காவின் கிழக்குப் பக்கம் ஹார்பர் பூலவார்ட் என்ற சாலையில் மோட்டல்கள் முளைத்துவிட்டன. காரை அறை வாசலிலேயே நிறுத்திக்கொள்ளும் சிறு விடுதிகள் இவை. விண்வெளி மோகம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய காலம் அது. அல் ஸ்டோவால் என்பவர் 'ஸ்பேஸ் ஏஜ் லாட்ஜ்', 'காஸ்மிக் ஏஜ் லாட்ஜ்', 'அப்போலோ இன்' என்று வரிசையாகக் கட்டினார். இரவில் நியான் விளக்குகள் கண்ணைப் பறித்தன. தன் கற்பனை உலகத்தின் வாசலில் இந்தச் சந்தை கூடியது வால்டுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பூங்காவுக்கு வந்த கூட்டம் இரவுச் செலவைச் சாலைக்கு அந்தப் பக்கம் செய்தது என்பது இன்னும் வலித்திருக்க வேண்டும்.

ஆனால் குடும்பங்களுக்கு இது நல்லதாகவே அமைந்தது. அனஹைமில் 'வெளியே' என்பது தூரம் அல்ல. ஹார்பர் சாலையின் சில மோட்டல்களிலிருந்து சாலையைக் கடந்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் பூங்கா வாசல். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் சில இதைவிடத் தள்ளியே இருக்கின்றன. மதியம் குழந்தை தூங்கி வழிந்தால் தூக்கிக்கொண்டு அறைக்கு நடந்து போய், ஒரு தூக்கம் போட வைத்து, மாலையில் திரும்பி வரலாம். இந்த வசதிக்குத்தான் மற்ற இடங்களில் 'உள்ளே' தங்குபவர்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

ஹார்பர் சாலையில் படித்த பாடத்தை வால்ட் மறக்கவில்லை. 1963 நவம்பரில் விமானத்திலிருந்து புளோரிடாவின் சதுப்பு நிலங்களைப் பார்த்தார். அதன் பிறகு வெவ்வேறு பெயர்களில் போலி நிறுவனங்கள் அங்கே நிலம் வாங்க ஆரம்பித்தன. வாங்குவது யார் என்று விற்றவர்களுக்கே தெரியாது. ஏக்கருக்குச் சராசரியாக 180 டாலர் அளவில் 27,000 ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. அனஹைமோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 170 மடங்கு! 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ பத்திரிகை ரகசியத்தை உடைத்தது. மிச்ச நிலத்தின் விலை வானத்துக்குப் போனது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது. 1967ல் புளோரிடா அரசு 'ரீடி க்ரீக்' என்ற தனி நிர்வாக மாவட்டத்தையே அமைத்துக் கொடுத்தது. சாலை, வடிகால், கட்டட அனுமதி எல்லாம் நடைமுறையில் டிஸ்னியின் கையில் இருந்தன. (2023ல் மாநில அரசு அந்த ஏற்பாட்டை மாற்றி, புது மாவட்டம் அமைத்து நிர்வாகக் குழுவைத் தானே நியமித்தது.)

வால்ட் 1966 டிசம்பரில் இறந்துவிட்டார். அவருடைய அண்ணன் ராய்தான் ஓய்வைத் தள்ளிப் போட்டு வேலையை முடித்தார். 1971 அக்டோபர் 1ல் பூங்கா திறந்த அன்றே கன்டெம்ப்ரரி, பாலினேஷியன் என்ற இரண்டு ஹோட்டல்கள் பக்கத்தில் நின்றன. இவற்றைக் கட்டியது யு.எஸ். ஸ்டீல் நிறுவனம். சில மைல் தூரத்துத் தொழிற்சாலையில் ஒவ்வோர் அறையையும் உள்வேலைகளோடு சேர்த்துத் தயாரித்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்துத் தூக்கி அடுக்கினார்கள். மேசை இழுப்பறை போல அறைகளை வெளியே இழுத்துப் புதுப்பிக்கலாம் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அப்படி ஓர் அறையும் வெளியே வந்ததில்லை! கன்டெம்ப்ரரி ஹோட்டலின் நடுக்கூடத்துக்குள்ளேயே மோனோரயில் ஓடுகிறது.

வெளியே தங்கியவர் என்ன செய்ய வேண்டும்? காரை ஓட்டி வந்து, ஏரிக்கு அந்தக் கரையில் நிறுத்தி, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைக் கடந்தால்தான் பூங்கா வாசல். கன்டெம்ப்ரரியில் தங்கியவர் நடந்தே போய்விடுவார். அனஹைமில் அறுந்து போன கயிற்றை இங்கே இறுக்கிக் கட்டிவிட்டார்கள் எனலாம். தூரமே இங்கே விற்பனைப் பொருளாகிவிட்டது.

இருந்தும் வெளி ஹோட்டல்கள் தோற்கவில்லை. டிஸ்னியின் எல்லை முடிந்த இடத்திலிருந்து கிஸிமி நகரின் 192ம் எண் நெடுஞ்சாலை நெடுகிலும், ஆர்லாண்டோவின் இன்டர்நேஷனல் டிரைவ் சாலையிலும் ஆயிரக்கணக்கில் அறைகள் எழுந்தன. இத்தனை நிலம் வைத்திருந்தும் டிஸ்னி அடுத்த பதினைந்து வருடங்களுக்கு மிகக் குறைவாகவே கட்டியதுதான் காரணம். 1984ல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. 1988ல் ஆடம்பரத்துக்கு கிராண்ட் புளோரிடியன், நடுத்தரத்துக்கு கரீபியன் பீச். 1994ல் ஆல் ஸ்டார் விடுதிகள் வந்தபோது 192ம் சாலையின் வாடிக்கையாளரையே டிஸ்னி குறி வைத்தது. வெளிப்புறத் தாழ்வாரம், சின்ன அறை, இரண்டு கட்டில். அமைப்பில் மோட்டல்தான், முகப்பில் மட்டும் ராட்சத கால்பந்துத் தலைக்கவசம்!

குடும்பங்களின் குழப்பமும் இங்கேதான் ஆரம்பித்தது. ஆல் ஸ்டார் 'உள்ளே' இருக்கிறது, உண்மை. ஆனால் மேஜிக் கிங்டம் போக பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அதே பணத்துக்கு வெளியே சமையலறையோடு இரண்டு அறை கிடைக்கும். கிஸிமி பக்கம் நீச்சல் குளத்தோடு முழு வீடே வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு, மூன்று வாரம் தங்க வரும் பிரிட்டிஷ் குடும்பங்கள் இதைத்தான் விரும்பின. ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பும் நம்மூர்க் குடும்பங்களுக்கும், ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியின் சாப்பாட்டை நினைத்தால் அந்த அடுப்பு மோனோரயிலை விடப் பெரிய விஷயம்!

192ம் சாலைக்கு இன்னொரு முகமும் உண்டு. டிஸ்னி மலிவு அறைகளைக் கட்டக் கட்ட, பழைய மோட்டல்கள் பலவற்றில் சுற்றுலாக் கூட்டம் குறைந்தது. வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்ட முடியாத ஏழைக் குடும்பங்கள் வாரக் கணக்கில் பணம் கட்டி அங்கேயே குடியிருக்கத் தொடங்கின. பூங்காக்களை நம்பியே பிழைக்கும் ஊரில் இது நடந்தது. ஷான் பேக்கர் இயக்கி 2017ல் வந்த 'தி புளோரிடா புராஜெக்ட்' படம் அப்படி ஒரு கிஸிமி மோட்டலில்தான் எடுக்கப்பட்டது. வால்ட் தன் புளோரிடாத் திட்டத்துக்கு ஆரம்பத்தில் சொன்ன பெயரே படத்துக்கும் பெயர். 'வெளியே மலிவு' என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு ஓடுகிறது.

டோக்கியோவில் 1983ல் திறந்த பூங்கா டிஸ்னிக்குச் சொந்தமில்லை. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது. டிஸ்னிக்கு உரிமத் தொகை மட்டும்தான். ஹோட்டல் லாபம் மற்றவர்களுக்குப் போனதைப் பார்த்த டிஸ்னி, அடுத்து பிரான்சில் எதையும் விட்டுவைப்பதில்லை என்று தீர்மானித்தது.

பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீட்டரில், ஏறக்குறைய 2,000 ஹெக்டேர் நிலத்துக்கு 1987ல் பிரெஞ்சு அரசோடு ஒப்பந்தம் ஆனது. 1992 ஏப்ரல் 12ல் யூரோ டிஸ்னி திறந்தபோது ஆறு ஹோட்டல்களில் ஏறத்தாழ 5,200 அறைகள் தயாராக நின்றன. புளோரிடாவில் மக்கள் நாலைந்து நாள் தங்குகிறார்களே, இங்கும் தங்குவார்கள் என்று போட்ட கணக்கு அது. ஆனால் அங்கே இருந்தவை நாலைந்து நாள் பார்க்கப் பல பூங்காக்கள்; இங்கே இருந்ததோ ஒன்றே ஒன்று. அதோடு புளோரிடாவில் எல்லைக்கு வெளியே சதுப்பு நிலம். இங்கே எல்லைக்கு வெளியே பாரிஸ் நகரம்! பூங்கா வாசலிலேயே ரயில் நிலையம். முக்கால் மணி நேரத்துக்குள் நகரத்தின் நடுவில் இறங்கிவிடலாம். காலையில் வந்து மாலையில் திரும்பியது கூட்டம். தங்கியவர்களும் ஓர் இரவோடு கிளம்பினார்கள். ஐரோப்பியர்கள் காலையில் அதிகம் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உணவகங்களைச் சிறிதாகக் கட்டியிருந்தார்கள். காலையில் அங்கே நீண்ட வரிசை நின்றது. நல்ல நேரத்தில் ஹோட்டல்களை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற திட்டத்தை நிலச் சந்தையின் சரிவு கெடுத்தது. 1993 நிதியாண்டின் நஷ்டம் 5.3 பில்லியன் பிராங்க். 1994ல் கடனை மாற்றி அமைத்து, சவூதி இளவரசர் அல்வலீத் பணம் போட்ட பிறகே மூச்சு வந்தது. பூங்காவின் பெயரும் டிஸ்னிலேண்ட் பாரிஸ் என்று மாறியது.

நிலம் மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு டிஸ்னி கையில் எடுத்த ஆயுதம் நேரம். தன் ஹோட்டலில் தங்குபவரைப் பூங்காவுக்குள் முன்னதாக விடுவது, சவாரிக்கு முன்னதாகப் பதிவு செய்ய விடுவது என்று சலுகைகள் வந்தன. இவை நிரந்தரமானவை அல்ல என்பதைக் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு இலவசமாக அழைத்துப் போன பஸ் சேவை 2005ல் வந்தது, 2022 ஜனவரியில் போனது. ஹோட்டலில் இரவு கார் நிறுத்த 2018ல் கட்டணம் வந்தது, 2023 ஜனவரியில் நீங்கியது. 2021 அக்டோபர் முதல் உள்ளே தங்குபவருக்குத் தினமும் காலையில் அரை மணி நேரம் முன்னதாக நுழைவு. 2024 ஜூலை முதல், வரிசையைத் தவிர்க்கும் கட்டணச் சீட்டை அவர்கள் ஏழு நாள் முன்பே பதியலாம். மற்றவர்களுக்கு மூன்று நாள். அரை மணி என்றால் அற்பமாகத் தோன்றும். கூட்டம் சேருமுன் இரண்டு பெரிய சவாரிகளை முடித்துவிடலாம் என்பதால் பள்ளி விடுமுறைக் காலத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதிகாலையில் எழுந்து கிளம்ப முடியாத குடும்பத்துக்கு அது வெறும் காகிதச் சலுகைதான். போன வருடம் போய் வந்தவர் சொல்வதை அப்படியே நம்பி அறை எடுப்பதும் இதனால் ஆபத்து.

அனஹைமில் பழைய சண்டை இன்னும் ஓயவில்லை. கிழக்குப் பக்கம் பெரிய வாகன நிறுத்துமிடம் கட்டி, ஹார்பர் சாலைக்கு மேலே பாலம் போட்டுக் கூட்டத்தை அழைத்து வர 2016ல் டிஸ்னி திட்டமிட்டது. அதன்படி மோட்டலிலிருந்து நேராகச் சாலையைக் கடந்து வரும் வழி போய்விடும், தங்கள் வாடிக்கையாளர்கள் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்று மோட்டல் உரிமையாளர்கள் கொதித்தார்கள். 2018ல் டிஸ்னி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதே வருடம், நகராட்சியோடு வரிச்சலுகைத் தகராறு முற்றி, பூங்கா அருகே கட்டவிருந்த புது ஆடம்பர ஹோட்டலையும் நிறுத்தியது. 2024ல் டிஸ்னியின் அடுத்த பெரிய விரிவாக்கத் திட்டத்துக்கு அனஹைம் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. கிழக்குப் பக்க வாகன நிறுத்துமிடமும் ஹார்பர் சாலைக்கு மேலே பாலமும் அதில் மறுபடி இடம் பெற்றிருக்கின்றன.