கோழிக் கொள்ளையும் புற்றுக்கலமும்

பளையின் தென்னஞ்சோலைகளுக்கிடையே வளவுதோறும் கோழிகள் கிளறித் திரியும் காட்சி புதிதன்று. ஒரு நாட்காலை கூட்டைத் திறக்கும் இல்லத்தரசி, சிறகு தொங்க, கழுத்து முறுகி, பச்சையாய்க் கழிந்து சோர்ந்த கோழிகளைக் கண்டு கைபிசைந்து நிற்பதும் புதிதன்று. சில நாளிற் கூடு வெறுமையாகிவிடும். ராணிக்கேத் என்று மிருக வைத்தியர் கூறும் கொள்ளைநோய் அது.

அப்பெயர் வாய்த்ததே ஒரு சரித்திரம். 1926ஆம் ஆண்டளவில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகேயும் கோழிகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. அடுத்து, குமாவுன் மலைநாட்டு ராணிக்கேத்திலும் அதுவே நிகழ்ந்தது. மேனாட்டார் நியூகாசில் என்றனர்; நம் பக்கத்தில் ராணிக்கேத் என்பதே நிலைத்தது. பெயர்தான் இரண்டு, வைரசு ஒன்றே.

மனிதரை அது பெரிதும் வருத்துவதில்லை. கண் சிவக்கும், சில நாளில் மாறும். ஆயின் 1950களில் ஆய்வாளர் இவ்வைரசை எலியின் புற்றுக்கலங்களில் இட்டபோது அக்கலங்கள் அழிந்தன. 1971இல் ஹங்கேரியரான சாட்டரி என்னும் வைத்தியர் லான்செட் சஞ்சிகைக்கு ஒரு செய்தி எழுதினார்: கோழிப்பண்ணையாளர் ஒருவருக்கு இரைப்பைப் புற்று பரவியிருந்தது, அவர் பண்ணையில் இந்நோய் புகுந்த காலத்தில் அப்புற்று தணிந்தது. ஒருவர் தேறியது சான்றாகாது. எனினும் காரணம் தேடும் ஆவல் மூண்டது.

நற்கலத்தில் வைரசு நுழைந்ததும் இன்ரர்பெரோன் என்னும் காவற்பொருள் தோன்றி அதன் பெருக்கத்தை மறிக்கும். பல புற்றுக்கலங்களில் இக்காவல் பழுதுற்றிருப்பதால் வைரசு தடையின்றிப் பெருகும். அதன்பின் நிகழ்வதே வியப்பு. கலத்துக்குச் சத்தி அளிக்கும் இழைமணியே அதன் மரணத்துக்கும் வழிகோலும் என்பது, சைற்றோக்குரோம் சீ என்னும் புரதத்தின் பங்கு 1996இல் வெளிப்பட்டபோது தெளிவாயிற்று. அடுப்படியிலேயே வெடிமருந்தை வைத்ததுபோல! சாக மறுப்பது புற்றுக்கலத்தின் இயல்பு. 2006இல் சுப்பையா இளங்குமரன், சிபா சமல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, வைரசு புகுந்த புற்றுக்கலத்தில் இழைமணிச் சவ்வின் மின்னழுத்தம் விரைவிலேயே குன்றுவதையும், அப்புரதம் வெளியே கசிவதையும், கசுப்பேசு நொதிகள் எழுந்து கலத்தை உள்ளிருந்தே சிதைப்பதையும் காட்டியது.

2015இல் அமெரிக்காவில், மெலனோமா என்னும் தோற்புற்றுக்கு அனுமதி பெற்ற வைரசு ஹேர்ப்பிசு இனத்தது. கோழி வைரசோ இன்னும் பரிசோதனை நிலையிலேயே நிற்கிறது. நோய்க்கோழியை மருந்தென்று நாடுவது மடமை. வளவுக் கோழிக்குக் காப்புத் தடுப்பூசியே. அவ்வகையுட் பழையதொன்று, 1940களில் இமயச் சாரலின் முக்தேசரில், அதே ராணிக்கேத் வைரசை முட்டைக் கருவில் வளர்த்து வலுக்குறைத்து ஆக்கப்பட்டது.