அளவுச் சட்டையும் அக்குள் துண்டும்

சித்தேரி மாதிரி மலை ஊர்ல பண்டிகைக்குச் சட்டை தைக்கணும்னா, துணியோட ஒரு 'அளவுச் சட்டை'யும் அரூருக்கு இறங்கும். ஆள் போகணும்னு இல்ல, பழைய சட்டை போனா போதும். டெய்லர் அதுல நீளம், ஷோல்டர், கை இறக்கம், காலர் எல்லாம் எடுத்துடுவார். தைச்சு வந்ததும் போட்டுக்கிட்டு கையைத் தூக்கினா மொத்தச் சட்டையும் மேல ஏறும். கொஞ்ச நாள்ல அக்குள்ல கிழியும். அளவெல்லாம் சரிதான் மக்களே, வெட்டுதான் சரியில்ல.

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்டையைப் பிரிச்சுப் போட்டுப் பார்த்தா வளைவே இருக்காது. எல்லாம் சதுரம், செவ்வகம். கழுத்துலயும் மணிக்கட்டுலயும் சுருக்கு வச்சு இழுத்துட்டாங்க. நம்ம பழைய ஜிப்பாவும் கிட்டத்தட்ட இதே கணக்கு. காரணம் காசு. கையால நூத்து நெஞ்ச துணி, ஒரு விரக்கடை வீணாகக் கூடாது. தையல்கூலியை விட துணிதான் விலை. சட்டை தொளதொளன்னு தொங்கும், ஆனா கை தாராளமா தூக்கலாம். ஏன்னா அக்குள்ல ஒரு சின்ன சதுரத் துண்டை மூலைவாட்டுல வச்சுத் தைச்சிருப்பாங்க. என்னைக் கேட்டா சட்டை வரலாற்றுலயே பெரிய கண்டுபிடிப்பு அதுதான்!

19-ம் நூற்றாண்டுல மில் துணி மலிவாச்சு. அளவு டேப் வந்துச்சு. 1846-ல எலியாஸ் ஹோவ், 1851-ல சிங்கர்னு தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. (மெஷின்னாலே முகம் சுளிச்ச காந்தி கூட 1924-ல சிங்கருக்கு விலக்கு கொடுத்தார்.) தலைவழியா மாட்டின சட்டைக்கு முன்பக்கம் முழுக்க பட்டன் வச்சு லண்டன் பிரவுன் டேவிஸ் கம்பெனி பதிவு பண்ணினது 1871. துணி மலிவானதும் கத்தரி தைரியமா வளைஞ்சுது. ஷோல்டர் பட்டியும் வளைவான ஆர்ம்ஹோலும் வந்துச்சு, அக்குள் துண்டு போயிடுச்சு.

இங்கதான் சிக்கல். கையோட மேல்வளைவு உயரமா இருந்தா, கையைத் தொங்கவிட்டு நிக்கும்போது சுருக்கமே விழாது, போட்டோவுக்கு அழகு. தூக்கினா பிடிக்கும். வளைவு தாழ்வா இருந்தா அக்குள்ல கொஞ்சம் மடிப்பு விழும், ஆனா கை எட்டும். ஆர்ம்ஹோலை கீழே இறக்கி வெட்டினா லூசா இருக்கும்னு நினைப்போம். நடக்கிறது தலைகீழ்: கையோட சேர்ந்து சட்டையும் ஏறும். எல்லா உடம்புக்கும் பொருந்தணும்னு ரெடிமேட்ல பெரும்பாலும் அப்படித்தான் இறக்கி வைக்கிறாங்க.

கீபோர்டு தட்டுற எனக்கு எந்த வளைவும் ஓகே. தலைச்சுமை தூக்குறவருக்கு, மரம் ஏறுறவருக்கு அப்படியில்ல. அளவுச் சட்டை இஞ்ச் சொல்லும், வேலையைச் சொல்லாது. போதாததுக்கு பழைய சட்டையில இருந்த கோளாறும் அப்படியே புதுசுக்கு வந்துடும். ஆளே நேர்ல போய், ரெண்டு கையையும் தூக்கிக் காட்டி, 'ஆர்ம்ஹோலை ஏத்தி வைங்க, கை வளைவைக் குறைங்க'ன்னு சொன்னா நல்ல கட்டிங் மாஸ்டருக்கு உடனே புரியும். காட்டன்னா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில நனைச்சுக் காயவைக்கணும்.

வளைச்சு வெட்டினதுல விழுற துண்டுகளா? பெருசா இருந்தா பாக்கெட்டுக்கு ஆகும். மிச்சம் தலையணைக்குள்ள.